கொட்டாவி, சவுக்காரம், தபால்

பலெர்மோவில் எனக்கு ஞாயிறு என்பது அரை நாள். படுக்கையோடு கிடந்த ஒரு பணக்காரக் கிழவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரவில் அவருக்கு நித்திரை வராது, ஆகவே எனக்கும் கிடையாது. ஞாயிறு மதியம் அவருடைய மகள் வந்ததும் நான் வெளியே போகலாம். புத்தியுள்ளவன் என்றால் எங்கேயாவது போய்ப் படுத்திருப்பான். நான் கால்சா என்ற பழைய குடியிருப்புக்கு முன்னால் கடலோரத்தில் இருந்த கட்டாந்தரைக்குக் கிரிக்கெட் விளையாடப் போனேன். தொண்ணூறுகளில் என் ஞாயிறுகள் பெரும்பாலும் அப்படித்தான் போயின. இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கிறது.

முதல் நாள் என்னை ஸ்லிப்பில் நிறுத்தினார்கள். பந்து காதோரமாகப் பறந்தபோது நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் பெயர் கொட்டாவி. அங்கே அதுதான் வழக்கம்: முதல் நாள் மைதானத்தில் என்ன கூத்தடிக்கிறோமோ அதுவே பெயர். வேண்டாம் என்று அடம்பிடித்தால் அதைவிட மோசமாக ஒன்று கிடைக்கும். கைக்கு வந்த பந்தையெல்லாம் வழுக்க விட்டவன் சவுக்காரம். மட்டையைத் தூக்குமுன் சிலுவை போட்டுக்கொள்ளும் மன்னார்க்காரன் பாதர். இன்னொருவன் எல்லைக்கோட்டிலிருந்து எறியும் பந்து எப்போது வந்து சேரும் என்று ஒருவருக்கும் தெரியாது, சண்டைக்காலத்து யாழ்ப்பாணக் கடிதம் மாதிரி. அவன் தபால்.

சொந்தப் பெயரை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பெயரைக் கேட்டால் ஊரைக் கேட்கத் தோன்றும். ஊரைக் கேட்டால் ஊரில் எந்தப் பக்கம் என்று வரும். அதற்குப் பிறகு சேர்ந்து விளையாடின மாதிரித்தான். அதோடு, பாதிப்பேர் வேறு யாருடையதோ கடவுச்சீட்டில் வந்து இறங்கியவர்கள். அவர்களிடம் போய்ப் பெயர் கேட்பது புண்ணைக் கிளறுவது.

தெருவில் போகிறவர்கள் நாங்கள் பேஸ்பால் ஆடுவதாக நினைத்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவோம். கிரிக்கெட்டை இத்தாலிய மொழியில் விளக்க யாருக்குத் தெம்பு இருந்தது? அமெரிக்காவில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு முதியவர் மட்டும் நின்று பார்ப்பார். அங்கே பேஸ்பால்காரர்களுக்கு மிருகத்தின் பெயர், சாப்பாட்டின் பெயர் எல்லாம் வைத்துக் கூப்பிடுவார்களாம், பேப்பரில்கூட அப்படியே போடுவார்களாம். எங்கள் பெயர்களுக்கு அர்த்தம் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு எரிச்சல் வரும். அந்த விளையாட்டுக்காரர்களின் சொந்தப் பெயரும் அதே பேப்பரில் பக்கத்திலேயே வந்திருக்கும் என்று அவரிடம் சொல்ல நினைத்து, அலுப்பில் விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிறு பந்து தெருவுக்கு உருண்டது. தபால் அதன் பின்னால் ஓடினான். ஒரு கார் அவனைத் தட்டி விழுத்தியது. தலை நடைபாதைக் கல்லில் மோதியது. அம்புலன்ஸ் வந்து அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் மூன்று பேர் வியர்வை உடுப்போடு பஸ்சுக்கு நின்றோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் அதன் இஷ்டத்துக்குத்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நோயாளியின் பெயரைக் கேட்டாள். பாதர் என்னைப் பார்த்தான். நான் சவுக்காரத்தைப் பார்த்தேன். தபாலுக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று தெரியும். யாழ்ப்பாணத்தில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் என்று தெரியும். பெயர் தெரியாது. "உங்கள் சிநேகிதர்தானே?" என்று அவள் கேட்டாள். அவள்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, அவள் ஒரு பிழையும் செய்யாதபோதும்.

கடற்கரையிலிருந்து கொண்டுவந்த இலங்கைக்காரர் என்று சொன்னதும் வழி காட்டினாள். ஒருவர்தான் உள்ளே போகலாம். மற்ற இருவரும் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

அவன் தலைக் கட்டோடு கண்மூடிக் கிடந்தான். நேர்ஸ் குனிந்து ஒரு பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அவனுடைய பொக்கெற்றில் இருந்த பெர்மெஸ்ஸோவில், அதாவது இந்த நாட்டில் இருக்க அவனுக்குக் கொடுத்த அனுமதியில், கண்ட பெயர். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அசைவில்லை. டாக்டர் இளம்பெடியன், என்னைவிடக் களைத்திருந்தான். தலையை ஸ்கேன் எடுத்த படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றான். ஆனால் தன் பெயருக்கே கண் திறக்காத ஆளை இங்கே வைத்திருக்க முடியாது, தலையில் ஆப்பரேஷன் செய்யும் இடத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றான்.

அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அது சுத்தமான கிறிஸ்தவப் பெயர். இவனோ கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிறவன். இது இவனுடைய பெயர் இல்லை என்று சொன்னால் பெர்மெஸ்ஸோ போகும், பிறகு ஆளையே நாட்டை விட்டு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் தலையைத் திறப்பார்கள். கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"டேய் தபால்! எழும்படா. பந்து இன்னும் வந்து சேரேல்லை."

கண் திறந்தது. "வாறன், பொறு," என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் என்றேன். அது முழுப்பொய்யும் இல்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. இரவு முழுக்க இங்கேயே வைத்துக் கவனிக்கலாம் என்றான். நேர்ஸ் தன் பலெர்மோ இழுவையில் "தபாலே, தபாலே" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவன் கண் திறந்தான்.

டாக்டர் போன பிறகு நான் கதிரையில் சரிந்தேன். நித்திரை கண்ணைச் சுழற்றியது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"மச்சான், உன்ரை சொந்தப் பேர் என்ன?"

அவன் தலைக் கட்டைத் தடவிப் பார்த்தான். அடிபட்ட தலை, மறந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு மெல்லச் சொன்னான். சின்ன, சாதாரணப் பெயர். எங்கள் ஊரில் வீதிக்கு நாலு பேருக்கு இருக்கும்.

"ஆர் இப்ப அதைச் சொல்லிக் கூப்பிடினம்?" என்றான். "மனிசி இஞ்சாருங்கோ எண்டுவா. பிள்ளையளுக்கு அப்பா. வேலை வீட்டுச் சின்யோரா கடதாசிப் பேர் சொல்லுவா. நீங்கள் தபால் எண்டுவியள். அம்மா செத்ததோடை அந்தப் பேர் முடிஞ்சுது."

நேர்ஸ் காதில் விழாதபடி அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போர்வைக்குள் தோள் குலுங்கியது.

"இன்னொருக்கால் கூப்பிடு," என்றான்.

நேர்ஸ் கதவைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து, கூப்பிட்டேன்.