செவ்வானத்தின் அடிப்பாகம்

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று ஊரே சொல்லும். அவளிடமே கேட்டால், "மூக்குக்கு மேல நிக்காம முட்டிக்குக் கீழயா நிக்கும்?" என்பாள்.

நகராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பதினாறு வருஷமாக அவள்தான் ஆபரேட்டர். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எல்லாருக்கும் அவள் டேங்க் அக்கா. காலையில் வால்வைத் திறப்பாள், மோட்டாரைப் போடுவாள், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவாள். தண்ணீர் மட்டம் காட்டும் கருவி பழுதாகி ஆறு வருஷமாயிற்று. புதுசு கேட்டு எழுதி எழுதிக் கைதான் வலித்தது. அதனால் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, நூற்று முப்பத்தெட்டுப் படி ஏறி, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். முதல் வாரம் ஒவ்வொரு படிக்கும் ஒரு அதிகாரியைத் திட்டிக்கொண்டே ஏறினாள். இரண்டாவது வாரம் மேலே போனதும் திட்ட மறந்துவிட்டாள். மேற்கே வானம் முழுக்கப் பற்றிக்கொண்டு நின்றது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டுடியோக்காரர் தன் பழைய கேமராவைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். முதல் மூன்று மாதம் எடுத்ததெல்லாம் குப்பை. நடுவில் சூரியன் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியது போல், சுற்றிலும் வெளிறிப்போன ஆகாயம். கண்ணுக்குத் தெரிந்தது படத்தில் வராததற்கு அவள் கேமராவைத் திட்டினாள், அப்புறம் ஸ்டுடியோக்காரரைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். இருட்டைப் பார்த்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதை இரண்டு படி இறக்கி வைத்தால்தான் சிவப்பு சிவப்பாக நிற்கும். மேகம் உச்சியில் இருக்க வேண்டும், அடிவானம் திறந்திருக்க வேண்டும்; அப்போதுதான் வெளிச்சம் மேகத்தின் வயிற்றில் அடிக்கும். சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் கழித்துத்தான் நிஜமான நிறம் வரும். சூரியன் மறைந்ததும் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களை மேலிருந்து பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கணவர் பைக் மெக்கானிக், சாது. மேலே காற்றில் கேமரா ஆடுகிறது என்று அவள் பொருமியதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் கருவியோடு ஏறி, கைப்பிடிக் கம்பியில் ஒரு இரும்புத் தாங்கியைப் பற்றவைத்துக் கொடுத்தார். கேமராவை அதில் திருகினால் இம்மி அசையாது. அன்றிலிருந்து அவள் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே காட்சிதான்: மேலே வானம், நடுவில் ஏரி, அதற்கும் கீழே நகராட்சிக் குப்பைக்கிடங்கு.

முதலில் கிடங்கு வெறும் மேடாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு புது ஒப்பந்தக்காரர் வந்தார். லாரி லாரியாகக் கொட்டினார். இடம் போதாமல் போனதும் கொளுத்த ஆரம்பித்தார். சரியாகச் சாயங்காலம், அலுவலகம் பூட்டிய பிறகு.

புகைக்குள் இறங்குகிற சூரியனும் சிவப்பாகத்தான் இருக்கும். அது அழுக்குச் சிவப்பு, செங்கல் பொடி நிறம். மேகத்தின் ஓரம் தெரியாது, அடுக்கு தெரியாது, சூரியனை வெறுங்கண்ணால் முறைத்துப் பார்க்கலாம். மழை கழுவிய வானத்தின் நிறம் வேறு. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு வித்தியாசம் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. "அடடா, என்ன சிவப்பு!" என்று யாராவது சொன்னால் அவள் பல்லைக் கடிப்பாள்.

கிடங்கை ஒட்டிய தெருவில்தான் அவள் நாத்தனார் வீடு. கணவருக்கு மூத்தவள். கல்யாணமான நாளிலிருந்து தம்பி பெண்டாட்டியை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. "பொம்பளை தண்ணி டேங்க்ல ஏறி வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா, வீடு விளங்கினாப்லதான்" என்பது அவள் பல்லவி. ஒரு நாள் நாத்தனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். டேங்க் அக்கா கணவரோடு பார்க்கப் போனாள். ஜன்னலெல்லாம் ஈரத் துணி அடைத்து, நாத்தனார் கட்டிலில் குந்தியிருந்தாள்.

"வந்துட்டியா? உன் வானம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. கணவர் பயந்துவிட்டார். அவள் கத்தினால் அவருக்குப் பழக்கம், பேசாமலிருந்தால்தான் உதறல்.

மறுநாள் முப்பது படங்களை அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"பிரமாதமா எடுத்திருக்கீங்கம்மா. நம்ம டேங்க் மேலருந்தா?"

"சார், கீழ பாருங்க. புகை."

"புகை எங்கம்மா? செவ்வானம்ல இது?"

"அது செவ்வானம் இல்ல சார். டயரு, பிளாஸ்டிக்."

அவர் சிரித்தார். "பனி மூட்டமா இருக்கும். சரி, மனுவைக் குடுத்துட்டுப் போங்க. இந்த ஒரு படம் மட்டும் நான் வச்சுக்கட்டுமா? ரூம்ல மாட்டலாம்."

அவள் முப்பதையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஏழு மனு கொடுத்தாள். ஏழும் கிணற்றில் போட்ட கல்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டு நான்கு மணிக்கு வெறித்தது. அவள் மேலே போனபோது, உச்சியிலிருந்து அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல் வரை மேகம் வரிவரியாக உழுது போட்டிருந்தது. சூரியன் இறங்கியது. அவள் காத்திருந்தாள். கால் மணி கழித்து ஒவ்வொரு வரியாகப் பற்றியது. முதலில் தாமிரம், பிறகு குங்குமம், கடைசியில் பேர் சொல்லத் தெரியாத ஒரு ஊதா. ஏரியும் அப்படியே நிறம் மாறியது. அவள் கையில் அகப்பட்டதிலேயே சிறந்த வானம் அதுதான். அதன் காலடியில், மழைக்கு அணைந்த குப்பையின் மேல் டயரைப் போட்டு மறுபடி மூட்டியிருந்தார்கள். கரும்புகை, வரிசையாக நெருப்பு, பக்கத்தில் நகராட்சி லாரி, அதன் நம்பர்கூடத் தெளிவாக.

கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தினால் அது எதுவும் படத்தில் வராது. அவள் நிமிர்த்தவில்லை. "நாசமாப் போறவனுங்களா" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கவில்லை.

அந்தப் படத்தை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து, கண்ணாடி அலமாரியில் மாட்டச் சொன்னாள். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று.

பத்து நாள் கழித்து, வேலைக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாண்ட் முகப்பில் இருபது அடி அகலத்துக்கு ஒரு பேனர் நிற்பதைப் பார்த்தாள். அவள் வானம். அதே வரி, அதே ஊதா. மேலே பெரிய எழுத்தில் 'தூய நகரம் – எழில் வானம்'. ஓரத்தில் கைகூப்பிய நகராட்சித் தலைவர். ஏரியோடு படம் முடிந்துவிட்டது. குப்பையில்லை, நெருப்பில்லை, லாரியில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு குப்பைமலையைக் கத்தரிக்கோலால் மறைத்ததை அன்றுதான் பார்த்தாள்.

நேரே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். ஸ்டுடியோக்காரர் எழுந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பாத்தீங்களா அக்கா? ஊருக்கே உங்க படம்! தலைவரோட ஆளு வந்து கேட்டாரு, நான்தான்..."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"சந்தோஷப்படுவீங்கன்னு..."

"கீழ வெட்டினது யாரு?"

அவர் சிரிப்பு நின்றது. "அவங்கதான் வெட்டச் சொன்னாங்க. நல்லா இல்லையாம்."

"நல்லா இல்லைதான்! நல்லா இல்லைன்னுதானே எடுத்தேன்! என் நாத்தனார் மூச்சுவிட முடியாம கெடக்குறா, நீங்க அவ தலைமேல எழில் வானம்னு எழுதி வச்சிருக்கீங்க! பதினைஞ்சு வருஷமா அக்கா அக்கான்னு கூப்பிட்டீங்களே, ஒரு ஃபோன் பண்ண விரல் இல்லையா உங்களுக்கு?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவள் கத்தி முடித்து மேல்மூச்சு வாங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "இப்ப நான் என்ன செய்யணும் அக்கா?"

அவளுக்கே அதுவரை தெரியாது. வாய் முந்திக்கொண்டது. "வெட்டின துண்டை அதே அகலத்துக்கு அடிச்சுக் குடுங்க."

அடுத்த நாள் விடிந்தும் விடியாத நேரத்தில், கணவரும் ஸ்டுடியோக்காரரும் ஏணியைப் பிடிக்க, அவளே ஏறினாள். இருபது அடிப் பேனருக்குக் கீழே இருபது அடித் துண்டு. வானம் ஏரியில் இறங்கி, ஏரி நெருப்பில் முடிந்தது. கோடுகூடப் பிசகவில்லை. ஆறு மணிக்கு முதல் பஸ் வந்தது. ஓட்டுநர் இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். ஏழு மணிக்குள் ஊரில் பாதிப்பேர் கைபேசியில் அந்தப் படம் போய்விட்டது. ஒன்பதரைக்குத் துண்டைக் கிழித்தார்கள். பத்து மணிக்கு மெமோ வந்தது.

விசாரணைக்கு அதே சுகாதார அதிகாரி உட்கார்ந்திருந்தார். இம்முறை சிரிக்கவில்லை.

"நகராட்சி விளம்பரத்துல அனுமதியில்லாம ஒட்டியிருக்கீங்க."

"என் படத்துல பாதியை நீங்க அனுமதியில்லாம ஒட்டினீங்க. மீதியை நான் ஒட்டினேன். கணக்குச் சரியாப் போச்சு சார்."

"பேச்சைக் குறைங்க. அரசு ஊழியர் நீங்க. ஊர் பேரைக் கெடுக்கலாமா?"

"நான் கெடுத்தேனா? கொளுத்தினவனைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில உக்கார வைங்க. நான் நின்னுக்கிட்டே பதில் சொல்றேன்."

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. அவர் காகிதத்தில் என்னவோ எழுதினார். ஒரு வாரத்தில் அவளைத் தொட்டியிலிருந்து எடுத்து, தரைத்தளத்தில் குழாய்ப் புகார் எழுதும் மேஜையில் போட்டார்கள். அந்த அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். கைப்பிடிக் கம்பியிலிருந்த இரும்புத் தாங்கியை யாரோ அறுத்து எடுத்துவிட்டதாகக் காவலாளி சொன்னார். அன்று மத்தியானம் புகார் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் படம் சுற்றிச் சுற்றி எங்கோ போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். நகராட்சியில் அவளிடம், "எப்பவோ ஒரு நாள் தற்செயலா தீப்பிடிச்சது" என்றார்களாம். அவள் நேரே புகார் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அந்தப் படம் எடுத்தது நீங்கதானே? ஒரு நாள்தான் எரிஞ்சதா?"

டேங்க் அக்கா இழுப்பறையைத் திறந்தாள். இருநூற்றுப் பதினொரு படம். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம். ஒரே இடத்திலிருந்து, ஒரே அளவில், இம்மி பிசகாமல். அந்த அதிகாரி நின்றபடியே அறுபது எழுபது படம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே டேங்க் அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஒப்பந்தம் ரத்தானது. நெருப்பு நின்றது. 'எங்கள் தொடர் கண்காணிப்பின் பலனாக' என்று சுகாதார அதிகாரி பத்திரிகையில் சொல்லியிருந்தார். அவள் அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்தாள், மறுபடி எடுத்துப் பிரித்துப் படித்தாள், மறுபடி கசக்கினாள். தொட்டிக்குத் திரும்பக் கேட்டு மூன்று முறை எழுதினாள். "பரிசீலனையில் உள்ளது" என்று மூன்று முறையும் ஒரே வரி வந்தது.

ஒரு சாயங்காலம் நாத்தனார் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினாள். போனால், ஜன்னல் துணியெல்லாம் எடுத்திருந்தது.

"மொட்டை மாடி சும்மாதான் கெடக்கு. வேணும்னா அந்தப் பொட்டியை வச்சு எடுத்துக்க. செருப்பைக் கீழயே விட்டுட்டுப் போ."

மாடி உயரம் போதவில்லை. குறுக்கே கரண்டுக் கம்பி, எதிர்வீட்டு டிஷ், யாரோ காயப்போட்ட போர்வை. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே இடம் மாற்றி மாற்றிக் கேமராவை வைத்தாள். நாத்தனார் பின்னாலேயே படியேறி வந்து நின்றாள். பதினெட்டுப் படிக்கு ஒரே ஒரு தடவைதான் நின்று மூச்சு வாங்கியிருந்தாள்.

"ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு எடுக்க மாட்டியா?"

"என் இடத்தைப் பிடுங்கிட்டானுங்க அண்ணி. எப்படி மூடச் சொல்றீங்க?"

நாத்தனார் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டி, எதிர்வீட்டைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஏய்! அந்தப் போர்வையை எடுக்கிறியா, நான் வந்து எடுக்கவா?" என்று கத்தினாள்.