கொடி மூடிய கேட்

என் மனைவிக்குத் தோட்டம் போடுவதுதான் வேலை. பங்களா தோட்டமெல்லாம் இல்லை, முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும். இடத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். உருட்டுவது யார்? கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான்தான். "கைப்பிடி இல்லாத பெஞ்சுல உட்காரத்தான் முடியும். எழுப்பிவிட யாரு வருவா, நீங்களா?" என்று கான்ட்ராக்டரை ஒரு பிடி பிடிப்பாள். குனிய முடியாதவர்களுக்காகச் செடிகளை இடுப்புயரத் தொட்டியில் வைப்பாள்.

மறதி நோய்க்காரர்கள் என்றால் கூடுதல் கவனம். பாதை எங்கேயும் முட்டி நிற்கக் கூடாது, சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். கேட் கண்ணில் படவே கூடாது. வேலிக்கு அடித்த பச்சையையே அதற்கும் அடித்து, கம்பிகளில் கொடியைப் படரவிடுவாள். "கேட் தெரிஞ்சாத்தானே வீட்டு ஞாபகம் வரும்" என்பாள். இந்த யோசனைக்காக எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். நானும்தான்.

பிறகு அவள் அம்மாவுக்கே மறதி வந்தது. என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு வாய் சாப்பிடாத அத்தை, ஒருநாள் "வாங்க, யாரைப் பாக்கணும்?" என்று என்னைக் கேட்டார். கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். பகலில் வீட்டில் ஆளில்லை. தான் தோட்டம் போட்ட குடியிருப்பிலேயே மனைவி அவரைச் சேர்த்தாள்.

"ஒரு மாசம் பாப்போம். அம்மாவுக்கு ஒட்டலேன்னா வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். அழவில்லை. விட்டுவிட்டுத் திரும்பியபோதும் அழவில்லை. நசுங்கின விரல் மாதிரி மரத்துப்போயிருந்தாள். அழுது தொலைத்தால் தேவலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மாதம் முடிந்து போனோம். குடியிருப்பின் பொறுப்பாளர் சிரித்தபடி எதிரே வந்தார். "உங்கம்மா நல்லா பழகிட்டாங்க. எந்நேரமும் தோட்டத்துல நடைதான்."

அத்தை நடந்துகொண்டுதான் இருந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலியை ஒரு கையால் தடவியபடி.

மகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அடிப்பாவி, நீயும் மாட்டிக்கிட்டியா! எந்தப் புண்ணியவான் கட்டினானோ, வாசலே வெக்கல. பயப்படாத, அம்மா இருக்கேன்ல. கையைப் பிடிச்சுக்கோ. சேந்து தேடுவோம்."

மனைவி கையைக் கொடுத்தாள். நடந்தார்கள். கேட் வந்தது. அத்தையின் விரல்கள் இலைகளைத் தடவிக்கொண்டே அதைத் தாண்டிப் போயின. சொல்லித் தொலையேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆனால் நானும் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேதான் இருந்தேன். இன்னொரு சுற்று வந்தார்கள். கேட்டை மறுபடியும் தாண்டிப் போனார்கள்.

அத்தைக்குக் கால் வலித்தது. பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நாளைக்குத் தேடலாம்மா."

"ஆமா. வாசல் எங்க போயிடப்போகுது" என்றார் அத்தை.

பணிப்பெண் வந்து அவரைச் சாப்பிட உள்ளே அழைத்துப்போனதும் நாங்கள் கிளம்பினோம். காரில் ஏறிய பிறகுதான் கேட்டேன். "அப்போ, கூட்டிட்டு வரலையா?"

அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"கொடி நல்லா அடர்ந்துடுச்சு" என்றாள்.