அறுபத்து நான்கு டிகிரி

ஸ்டானிஸ்லாஸ் கிராணி பிரிக்பீல்ட்ஸ் சர்க்கார் ஆபீஸில் பதினெட்டு வருடமாக மழையை அளந்து எழுதிய குமாஸ்தா. காலை ஏழு மணிக்கு ஆபீஸ் முற்றத்து மழைமானியில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுதான் ஏட்டில் இருக்கும். யார் சொன்னாலும் ஒரு புள்ளி கூட்டமாட்டார், குறைக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் மேலதிகாரி விட்காம் துரை டிசம்பரில் செமினி மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். துரையின் ஊரில் டிரவுட் என்றொரு மீன். அதன் முட்டையைக் கப்பலில் வரவழைத்து இங்கே ஓடையில் விட வேண்டுமாம். தண்ணீர் பாரன்ஹீட்டில் அறுபத்தைந்து டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது பிழைக்குமாம்.

"இது விண்டர், கிராணி. இப்பதான் ஆறு தேடணும்" என்றார் துரை. செமினியில் இது மழைக்காலம் என்பது காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைகளுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

கிராணியின் கவலை வேறு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிள்ளானில் மகள் லூசிக்கு நிச்சயதார்த்தம். ஆறு கிடைத்தால்தான் லீவு என்று துரை சொல்லிவிட்டார்.

நான்கு நாளில் ஏழு ஓடை. கிராணி முழங்கால் வரை இறங்கித் தெர்மாமீட்டரை அமிழ்த்துவார். எழுபத்தைந்து. எழுபத்தாறு. காலுறையைப் பிழிந்தால் பாதி தண்ணீர், பாதி அவருடைய சொந்த ரத்தம்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மிச்சமிருந்தது மாட்டிறைச்சி டின் மட்டும். மூட்டை தூக்க வந்த கன்னையா அதை என்றைக்குமே தொடமாட்டான். வேதக்காரரான கிராணி வெள்ளிக்கிழமை எந்த இறைச்சியும் தொடமாட்டார். உப்பு போட்ட சோற்றோடு இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

துரை, கோழியிறகில் ஈ மாதிரி கட்டிய தூண்டிலை வீசினார். முழங்கை நீளத்துக்குக் கெலா மீன் ஒன்று கொழுகொழுவென்று வந்தது. கிராணிக்கு நாக்கில் நீர் ஊறியது. துரை முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, மீனைத் தடவிக்கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"என்னா கிராணியாரே, மாப்பிள்ளைய வழியனுப்புற மாதிரி அனுப்புறாரு?" என்றான் கன்னையா.

"வெளையாட்டாம் லா! அதுக்கு வாய் கிழியுது, இவருக்கு வெளையாட்டு. த்தூ!" என்று துப்பினார் கிராணி.

அந்தக் கொதிப்போடுதான் கிராணி எட்டாவது ஓடையில் இறங்கினார். எழுபத்தைந்து. லூசியின் நிச்சயதார்த்தத்தை நினைத்தார். அறுபத்து நான்கு என்று எழுதினார்.

துரை ஏட்டைப் பார்த்துத் துள்ளினார். "சபாஷ்! கிராணி, நீ இங்கியே இரு. ஒரு மாசம், தினம் மூணு வாட்டி அளந்து எழுது. இந்த வேலைக்கு உன்னத் தவிர யாரையும் நம்ப முடியாது."

"நல்லா அளந்தீங்க!" என்று கன்னையா தலையில் அடித்துக்கொண்டான். "ஒங்களுக்குச் சோறாக்க நானும் இருக்கணுமாம்!"

பொய் எழுதினேன் என்று சொன்னால் வேலை போகும். பதினெட்டு வருட மழையும் சேர்ந்து பொய்யாகிவிடும். கிராணி தெர்மாமீட்டரைத் துடைத்துப் பையில் வைத்தார்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் மனைவி பிலோமினா, பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில் அவருடைய குடையை வைத்தாளாம். அதே நேரத்தில் கிராணி ஓடையில் நின்று, எழுபத்தைந்தைப் பார்த்து அறுபத்து நான்கு என்று எழுதிக்கொண்டிருந்தார். கிழிந்த உதட்டோடு ஒரு கெலா வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தது.

கிராணி தண்ணீரில் காறித் துப்பினார்.