கண்டக்டரம்மா திட்டிய அப்பா

வாழ்நாளெல்லாம் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற ஒருத்தியைக் கொண்டுவந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கூடம் நாலே மாசத்தில் ஒரு பேருந்தாகிவிட்டது. மணி அடித்ததும் வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள், அதாவது அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், அங்கேதான் வருவார்கள். வாசலில் அவள் நிற்பாள். "உள்ள போ, உள்ள போ, பின்னாடி எவ்ளோ இடம் கிடக்கு, வாசல்லயே தொங்காத!" ஒரு விசில் அடித்தால் உட்கார வேண்டும். ரெண்டு விசில் அடித்தால் வீட்டுப்பாடம் கிளம்ப வேண்டும். அவளுடைய சொந்தப் பேர் எவருக்கும் நினைவில் இல்லை. தலைமை ஆசிரியை முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் கண்டக்டரம்மாதான்.

வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் அந்தத் தெருவில் பாதிக் குடும்பம் தெருவில்தான் நின்றிருக்கும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள் தன் ரெண்டு பிள்ளைகளையும் பூட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போவது தெரிந்ததும், ஆஸ்பத்திரிக்கே போய், நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்காரும்படி கத்தி, அந்தப் பிள்ளைகளைக் கூடத்துக்கு இழுத்து வந்தவள் அவள். வாரம் ஒருநாள் நர்ஸ் வந்து கண், காது, பல் பார்ப்பதும் அவள் தொல்லை தாங்காமல்தான். 'மக்கு' என்று எல்லாரும் கழித்துக் கட்டியிருந்த ஒரு பயலுக்கு அந்த நர்ஸ்தான் கண்ணாடி போடச் சொன்னாள். போட்ட அன்று அவன் கரும்பலகையைப் பார்த்து, "அதுல எழுத்தெல்லாமா இருக்கு?" என்று கேட்டான். கண்டக்டரம்மா அன்றைக்குக் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். கேட்டால் தூசி என்பாள்.

பிள்ளையைக் கூப்பிட வருகிற பெற்றவர்களும் சும்மா திரும்ப முடியாது. பக்கத்து அறையில் ஒருத்தி தையல் கற்பாள். ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பார். தச்சர் ஒருவர் மகளைக் கூட்டிப்போக வந்து, ஆடுகிற பெஞ்சைப் பார்த்துவிட்டுப் பொறுக்காமல் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் ஏழு மணி வரைக்கும். ஏழு மணிக்கு மேல் ஒரு பிள்ளை மிச்சம் இருந்தால், அந்தப் பிள்ளையின் அப்பனுக்கு அன்றைக்குக் கெட்ட காலம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, முகம் வெளுக்கச் சொன்னாள்.

"கண்டக்டரம்மா, மேலேருந்து ஆபீசர் வராராம். மாலை வகுப்பை அஞ்சு மணியோட நிறுத்தலாமான்னு பாக்கறாங்க. அவர் என்ன சொல்றாரோ அதுதான் முடிவு."

"அஞ்சு மணிக்கா? அஞ்சு மணிக்கு எந்த ஃபேக்டரிங்க விடுது? பிள்ளைங்க எங்க போகும்?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. அவர் வரும்போது தயவுசெஞ்சு வாயை மட்டும் கொஞ்சம்..."

"நான் வாயே திறக்கல, போதுமா?"

அவளுக்கு வேலை போனால் போகட்டும், பென்ஷன் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரியின் பிள்ளைகள் மறுபடியும் பூட்டிய வீட்டுக்குள் போகும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கூடத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளைகளுக்கு 'வணக்கம் ஐயா' சொல்லப் பழக்கினாள். ஆபீசர் என்றால் காலையில் வருவார், காரில் வருவார், பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வருவார் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டு, தினமும் காலையிலேயே வந்து வாசலில் காவல் காத்தாள்.

ஆபீசரோ சாயங்காலம் வந்தார். நடந்து வந்தார். தெரு குறுகல் என்று காரை முனையிலேயே விட்டுவிட்டார் பாவம். சட்டை கசங்கி, முகம் வியர்த்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நின்றார். மணி ஏழு தாண்டிவிட்டது. கூடத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் மிச்சம். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பேசுவதால் 'குட்டி வக்கீல்' என்று பேர் வாங்கிய பெண். அவளுடைய அப்பா கிரேன் ஓட்டுகிறவர். அவரைக் கண்டக்டரம்மா பார்த்ததே இல்லை, எப்போதும் சித்திதான் வருவாள். அன்றைக்குச் சித்திக்குக் காய்ச்சல், அப்பாவே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள். ஏழு மணிக்கு மேல், வியர்த்து வழிய, குற்றவாளி மாதிரி வாசலில் நிற்கிற ஆண்பிள்ளையை வேறு யாரென்று நினைப்பது?

"வாங்க சார், வாங்க! இப்பதான் நேரம் கிடைச்சுதா?"

"இல்லம்மா, நான் வந்து..."

"வந்து? அதான் வந்துட்டீங்களே! இவ்ளோ நேரம் ஒரு பொட்டப்புள்ள வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. மத்த புள்ளைங்க ஒவ்வொண்ணா கிளம்பறப்போ அது முகம் எப்படிப் போகுதுன்னு ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?"

ஆபீசர் திருதிருவென்று விழித்தார். பிறகு ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலை, வேலைன்னு சொல்வீங்க. எல்லாருக்கும்தான் வேலை. உங்க புள்ளை எந்த வகுப்புன்னாவது தெரியுமா?"

"மூணு... இல்ல, நாலு," என்றார் ஆபீசர் மெல்ல.

"பாத்தீங்களா! தெரியல! உக்காருங்க இங்க. அவளுக்குப் பின்னக் கணக்கு பாக்கி இருக்கு. சொல்லிக்குடுத்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார் அந்த மனிதர். குட்டி வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நோட்டைத் தள்ளினாள்.

"எட்டு பெருசா, நாலு பெருசா?"

"எட்டு."

"அப்போ எட்டுல ஒண்ணு மட்டும் நாலுல ஒண்ணைவிட எப்படிச் சின்னதாகும்? ஏமாத்தறீங்களா?"

ஆபீசர் பக்கத்தில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து நாலாக உடைத்துக் காட்டினார். அதை எட்டாக உடைப்பதற்குள் குட்டி வக்கீல் முக்கால்வாசியைத் தின்றுவிட்டாள். இன்னொரு பிஸ்கட் எடுத்தார். அதுவும் போயிற்று. பாக்கெட்டே காலியான பிறகுதான், "சரி, ஒத்துக்கறேன்," என்றாள். ஆபீசருக்கு முகமெல்லாம் பல். என்ன வேலையாக வந்தோம் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது.

கண்டக்டரம்மாவுக்கும் மனசு இளகியது. "பரவாயில்ல, மனசு வெச்சா முடியுதுல்ல? கிளம்பும்மா, அப்பா கூட."

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாதே," என்றாள் குட்டி வக்கீல்.

"என்னடி சொல்ற! அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. அதோட, கணக்கு பாக்கி இருந்துச்சுல்ல?"

அந்த நேரம் பார்த்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிஜமான அப்பா ஓடி வந்தார். "மன்னிச்சிடுங்கம்மா, ஷிப்ட் முடிய..." அவரைத் திட்டக் கண்டக்டரம்மாவிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ... நீங்க?"

"மாலை வகுப்பைப் பாக்க வரச் சொன்னாங்க," என்றார் குட்டி நாற்காலிக்காரர்.

போச்சு! வாயே திறக்கமாட்டேன் என்றவள் என்னென்ன பேசிவிட்டாள்! மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தபோது ஆபீசரின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் செத்துப்போயிற்று.

"என் பொண்ணு... அவ ஸ்கூல் வாட்ச்மேன் பேசறார். கேட்டைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகணுமாம். அவ அம்மா வெளியூர்ல இருக்கா. நான் மறந்தே..."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பணிவாக நின்றிருப்பார்கள். கண்டக்டரம்மாவால் முடியுமா?

"குடுங்க அந்தப் போனை! ஹலோ, வாட்ச்மேன் அண்ணே, நீங்க ஒரு அடி நகரக்கூடாது. புள்ளையை உங்க நாற்காலில உக்கார வைங்க. போனைப் புள்ளைகிட்ட குடுங்க. கண்ணு, அப்பா கிளம்பிட்டாரு. அதுவரைக்கும் ஆன்ட்டிகிட்ட பேசிக்கிட்டே இரு. அழுதியா? அழுதா என்ன, நானும்தான் அழுவேன்." பிறகு ஆபீசரைப் பார்த்து, "இன்னும் ஏன்யா நிக்கறீங்க? ஓடுங்க!" என்றாள். தன் போனைக்கூட வாங்காமல் அவர் ஓடினார்.

அவர் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பெண்ணிடம் பேருந்துக் கதையெல்லாம் சொன்னாள். பேச்சு முடிந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்." கிரேன்காரர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேஸ் முடியாமல் நகரமாட்டேன் என்று அவர் மகள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் திரும்பி வந்தார். போனுக்காகத்தான் என்று நினைத்தால், கையைப் பிடித்தபடி மகளும் இருந்தாள், அழுது வீங்கிய கண்களோடு. கண்டக்டரம்மா பதறி எழுந்தாள்.

"சார், உக்காருங்க சார், நான் தெரியாம..."

"நீங்க ஆளை மாத்தித் திட்டலம்மா," என்றார் அவர். "அஞ்சு மணிக்கு மேல பிள்ளைங்களைப் பாத்துக்கறது பெத்தவங்க பொறுப்புன்னு யோசனை சொன்னதே நான்தான்."

அதற்குள் குட்டி வக்கீல் புதுப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த பின்னத்தையெல்லாம் அவளுக்கு அள்ளி விட ஆரம்பித்திருந்தாள். ரெண்டும் தலையோடு தலை சேர்த்துச் சிரித்தன. ஆபீசர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாடா, போலாம், நேரமாச்சு," என்றார்.

மகள் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க போய் உங்க வேலையெல்லாம் முடிச்சிட்டு வாங்கப்பா," என்றாள். "இங்கன்னா நீங்க லேட்டா வந்தாக்கூட எனக்குப் பயமா இல்ல."