ஆறாவது தோட்டா

ஹார்லன் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். இந்த ஒரு கதைக்கு மட்டும் சிரிக்க மாட்டான். ஏனென்றால் அவனும் அங்கே இருந்தான். துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம். ஆகவே, கிழவிக்குத் தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பவர்கள் அவனையே கேட்டுக்கொள்ளட்டும். இது நடந்தது. என் சமையலறையில் நடந்தது.

என் பெயர் ஆர்டிஸ் ஹாகன். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் எங்கள் மாட்டுப் பண்ணை. பக்கத்து வீடு ஹார்லனுடையது. பக்கம் என்றால் எட்டு மைல். என் கணவர் வெண்டல் ஜனவரியில் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போனார், திரும்பவில்லை. மாரடைப்பு. நான் போய்ப் பார்த்தபோது மாடுகள் அவரைச் சுற்றி நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

பனிக்காலத்தில் இங்கே குழி வெட்ட முடியாது. மண் இரும்பாகிவிடும். செத்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், குன்றைக் குடைந்து கட்டிய கல் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஏப்ரலில் மண் இளகிய பிறகுதான் அடக்கம். அதுவரை அவர் அங்கே, நான் இங்கே. நாற்பத்தோரு வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். இரண்டு பேருக்கும் குளிர்தான்.

அவருக்கு நானே சட்டை மாட்டிவிட்டேன். துவைத்த நீலக் கம்பளிச் சட்டை. இடது பையைத் தடவிப் பார்த்தேன். காலி. பித்தானைப் போட்டுவிட்டேன். சாகும்போது போட்டிருந்த பழைய சட்டையின் பையில் நினைத்தபடியே ஒரு தோட்டா இருந்தது. அதைத் தையல் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தோட்டாவின் கதை இது. வெண்டலிடம் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. பாயிண்ட் டூ டூ. சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளமான தோட்டா, அவ்வளவுதான். பாம்புக்கும் எலிக்கும் எடுப்பார். உருளையில் ஆறு அறைகள். ஆனால் ஐந்தில்தான் தோட்டா போடுவார். குதிரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தி, எந்த அறையின் மேல் படிந்திருக்கிறதோ அது காலியாக இருக்க வேண்டும், கைதவறி விழுந்தால் வெடிக்காது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது வேதவாக்கு. மிச்சமிருக்கும் ஆறாவது தோட்டா வெண்டலின் இடது சட்டைப் பைக்குப் போகும். அது துணி துவைக்கும் மெஷினில் கடகடவென்று உருண்டு நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்!

சாயங்காலம் வந்ததும் மேசை முன்னால் உட்கார்ந்து உருளையைச் சுற்றிப் பார்ப்பார். டிக்... டிக்... டிக்... ஒரு முழுச் சுற்று. ஆறு டிக். காலி அறை மறுபடி குதிரைக்கு அடியில் வந்து நிற்கும். அப்புறம்தான் காபி கேட்பார்.

அந்தக் குளிர்காலத்தில் எவனோ ஒருவன் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் புகுந்துகொண்டிருந்தான். ஒரு கிழவரை அடித்து விலாவை முறித்துவிட்டுப் போனான். ஆள் அகப்படவில்லை. என் மகள் ஜோலீன் தினமும் போனில் அழுதாள்.

"அம்மா, வீட்ட வித்துட்டு இங்க வந்துடு. ஒத்தையில அங்க என்னம்மா பண்ணுவே?"

"உங்கப்பா துப்பாக்கி இருக்குடி."

"அது பொம்மைம்மா! யாரு பயப்படுவா அதுக்கு?"

அப்பாவை அடக்கம் செய்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றேன். இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அவர் நாற்காலி இங்கேதான் இருக்கிறது. ஆனால் பயத்தோடு இருக்கவும் முடியாது. அந்தச் சின்னத் துப்பாக்கி போதுமா, போதாதா? என் வீடே அந்தக் கேள்வியில்தான் நின்றது.

பிப்ரவரியில் தோட்டா வாங்க டவுனுக்குப் போனேன். கடையில் ஹார்லன் நின்றுகொண்டிருந்தான். வெண்டலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை.

"இத வச்சுக் கொசு அடிக்கலாம் ஆர்டிஸ். அதுவும் கொசு அசையாம உக்காந்திருந்தா."

"உன் பெரிய துப்பாக்கியால போன வருஷம் மானைச் சுட்டியே... அந்த மான் இன்னும் சிரிச்சிட்டிருக்காம்."

"நான் சொல்றதக் கேளு. திருடனைச் சுட்டா அவன் சட்டையில ஓட்டை விழும். தைச்சுக் குடுடின்னு உங்கிட்டயே கேப்பான்."

"பெரியது என் மணிக்கட்டுக்குத் தாங்காது. கையில நிக்கிறதுதான் துப்பாக்கி."

கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். புதுச் சரக்கு இருக்கிறது, கொஞ்சம் வேகம் அதிகம் என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். வெண்டலின் தோட்டாக்கள் பித்தளை நிறம். இவை வெள்ளி மாதிரி பளபளத்தன.

"அப்ப ஆறையும் போட்டு வை," என்றான் ஹார்லன். "இத்துனூண்டு குண்டு. அஞ்சு எந்த மூலைக்கு?"

அவன் டிரக்கின் மூக்கு மேல் வைத்து, அவன் கண் முன்னாலேயே ஆறையும் போட்டேன். வெண்டல் இருந்திருந்தால் கையிலிருந்து பிடுங்கியிருப்பார். அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பனிப்புயல். மதியமே கரண்ட் போயிற்று. போனும் செத்தது. சமையலறை விறகு அடுப்பைக் கொளுத்தி, எண்ணெய் விளக்கை ஏற்றினேன். நாய் பிப் மேசைக்கு அடியில் சுருண்டது. ரிவால்வர் அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. காற்று வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு ஆளில்லாமல் நாயிடம் வானிலை சொன்னேன். அழுகையாக வந்தது.

போர்வை எடுக்கப் படுக்கையறைக்குப் போனேன்.

அப்போது கேட்டது.

டிக்...

சமையலறையிலிருந்து.

டிக்... டிக்...

எனக்குத் தெரியாத சத்தமா? நாற்பத்தோரு வருஷம் கேட்ட சத்தம். உருளை சுற்றுகிறது.

டிக்... டிக்...

ஐந்து. ஆறாவதுக்குக் காத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஆறாவது வரவில்லை.

வேறொரு சத்தம் வந்தது. தப்... தப்... தப்... பிப் வாலால் தரையைத் தட்டுகிறது. அந்நியன் என்றால் அது வீட்டையே இரண்டாக்கும். வாலை ஆட்டுவது ஒரே ஆளுக்குத்தான்.

சமையலறைக்குப் போனேன். யாரும் இல்லை. மேசையருகே அவர் நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. எழுந்து போனவர் திரும்பத் தள்ளாமல் விட்ட மாதிரி. இழுப்பறை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

ரிவால்வரை எடுத்தேன். கையை உதறினேன்.

குளிர்... இரும்பின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில்!

"வெண்டல்?" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பதிலுக்கு வாசல் மேடையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

தொம்... தொம்...

எங்கள் பக்கத்தில் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். முற்றத்தில் டிரக்கை நிறுத்தி, ஹாரன் அடித்து, வீட்டுக்காரர் வெளியே வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் மரியாதை. இப்போது டிரக் சத்தம் இல்லை. ஹாரன் இல்லை. விளக்கு வெளிச்சம் இல்லை.

அவன்தான். விலாவை முறித்தவன்.

"யாரு?"

பதில் இல்லை.

"சுட்டுருவேன்! யாரு?"

கைப்பிடி திரும்பியது.

கதவு திறந்தது.

வெள்ளையாக ஓர் உருவம். ஆள் உயரம். முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிக்கட்டி...

என்னைப் பார்த்து ஒரு கையை நீட்டியது.

குதிரையை இழுத்தேன்.

முகத்துக்கு நேரே.

மூன்றடி.

விசையை அழுத்தினேன்.

டிக்.

ஆறாவது டிக்.

உருவம் மண்டியிட்டு விழுந்தது. பிப் ஓடிப் போய் அதன் முகத்து ஐஸை நக்கியது. உள்ளேயிருந்து முனகல் வந்தது.

ஹார்லன்.

என் வீட்டுக்குப் போன் போகவில்லையே என்று பார்க்கக் கிளம்பியிருக்கிறான். பாதி வழியில் டிரக் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறான். முகத்தில் சுற்றிய துணி உறைந்து தாடை மரத்துப்போய், என் குரல் கேட்டும் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அவனை அடுப்பருகே இழுத்துப்போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தேன். நான் ஒரு நல்ல மனுஷனைக் கொன்றுவிட்டேன், வெடிக்காததால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பு எனக்கு இன்றுவரை போகவில்லை.

பேச்சு வந்ததும் அவன் துப்பாக்கியைக் கேட்டான். திறந்து பார்த்தான்.

"ஆறு போட்டியே, ஆர்டிஸ்."

"உன் கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"அஞ்சுதான் இருக்கு. ஒண்ணு காலி."

"வெண்டல் வழக்கம் மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"இல்ல. வழக்கம் மாதிரி இல்ல. அவன் காலி அறையைக் குதிரைக்கு அடியில வைப்பான். நீ குதிரையை இழுத்ததும் உருளை சுத்தி அடுத்த அறை வந்திருக்கும். அதுல தோட்டா. நான் போயிருப்பேன். இது ஒரு அறை முன்னாடியே நிறுத்தி வச்சிருக்கு. நீ இழுத்தா காலி அறை வர்ற மாதிரி."

ஐந்து டிக்கோடு நின்றதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. விடியும்வரை இரண்டு பேரும் தரையைத் துழாவினோம். இழுப்பறையைக் கவிழ்த்தோம். அடுப்புச் சாம்பலையும் சலித்தோம். அந்தத் தோட்டா கிடைக்கவில்லை.

"போதாதுன்னு சொன்னேன்ல," என்றான் போகும்போது. தன் இரண்டு புருவத்துக்கும் நடுவே தொட்டுக் காட்டினான். "மூணடியில தாராளமாப் போதும்."

ஏப்ரல் வந்தது. அடக்கத்துக்கு முதல் நாள் சவப்பெட்டிக்காரர் பெக் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"வழக்கப்படி பெட்டியைத் திறந்து பாத்தோம், மிஸஸ் ஹாகன். எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. சட்டைப் பையில மட்டும் இது கெடந்துச்சு. கூடவே வச்சிடலாமா, இல்ல உங்களுக்கு வேணுமா?"

உள்ளங்கையை விரித்தார்.

தோட்டா. பித்தளை நிறம் இல்லை. வெள்ளி.

"ஜனவரிக்கு அப்புறம் அந்தக் கல் அறையைத் திறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க திறக்கிறது? கதவு உயரத்துக்குப் பனி. போன வாரம்தான் மண்வெட்டி போட்டு வெட்டினோம்."

"எந்தப் பை?"

"இடது. பித்தான் போட்டிருந்துச்சு."

நான் வெள்ளித் தோட்டா வாங்கியது பிப்ரவரியில்.

"அங்கேயே வச்சிடுங்க," என்றேன். "அதோட எடம் அதுதான்."

வீட்டை விற்கவில்லை. ஜோலீனுக்கு இன்னும் கோபம். பயம் எனக்குப் போய்விட்டது. இப்போது ஐந்துதான் போடுகிறேன். ஆறாவதைச் சாயங்காலத்தில் மேசை மேல், அவர் நாற்காலிக்கு நேரே வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

காலையில் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.