மழை லீவு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மழையின் தயவில் நடந்தது. கூரைத் தகரம் அவ்வளவு ஓட்டை. பக்கத்திலேயே தேயிலை ஸ்டோர். அங்கே ஒரு சொட்டு இறங்காது, சீமைக்குப் போகிற சரக்கல்லவா. இருட்டிக்கொண்டு வந்தால் மாஸ்டர் வானத்தைப் பார்ப்பார், நாங்கள் மாஸ்டரைப் பார்ப்போம். "ஓடுங்க" என்பார். அதுதான் மழை லீவு. எனக்குக் கொண்டாட்டம். அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். அஞ்சாம் வகுப்பு முடித்துப் பதுளைக்குப் படிக்கப் போக அவளுக்கு ஆசை.

தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லொறி ஒருநாள் புதுத் தகரத்தோடு திரும்பியது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம் போட்டு அடுக்கினார்கள். ஆணி வரட்டும் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கரையா. ஆணி வருவதற்குள் தகரம் போய்விட்டது.

தீபாவளிச் சாமான் வாங்க அப்பா எங்களைப் பெரகலவுக்குக் கூட்டிப்போனார். மழைக்குத் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். அண்ணாந்து பார்த்தால் சிவப்பு வட்டம்.

"அக்கா, நம்ம பள்ளிக்கூடத்துத் தகரம் இங்க இருக்கு."

கடைக்காரர் சிரித்தார். "நல்லா பாத்துக்க பாப்பா. ஒங்க கிளாக்கரையாகிட்டதான் வாங்குனேன்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கோப்பைக்குள் பார்த்தார். "பேசாம குடிங்க. நாளைக்கும் நம்ம அந்த லயத்து வீட்டுலதான் இருக்கணும்."

அந்த வருஷம் மழை விடவேயில்லை. பரீட்சையில் வந்த பாதிப் பாடம் மாஸ்டர் தொடாதது. அக்கா தேறவில்லை. அப்பா அவளைக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போய், வயதைக் கூட்டிச் சொன்னார். கிளாக்கரையா மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதைப் 'பேர் பதியிறது' என்போம். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கும் எங்கள் வாயில் அதே சொல்தான். "மூத்தவளுக்குப் பேர் பதிஞ்சாச்சு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டேயிருந்தாள். நான் லயம் முழுக்க ஓடிச் சொன்னேன். "இனி ஒனக்கு எதுக்கு, பதுளையில புதுசு குடுப்பாங்க" என்று அக்காவின் சிலேட்டைக் கேட்டேன். துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட விடியுமுன்னே முகம் கழுவி வாசலில் நின்றேன். அக்கா, அம்மா கொழுந்தெடுக்கக் கட்டுகிற பழைய படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு என்னைத் தாண்டி மலைப்பக்கம் ஏறினாள். பஸ் வருவது அந்தப் பக்கம் இல்லையே என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.