இடது பக்கத்து அலமாரி

அந்த வீட்டில் மூத்த மருமகளுக்குப் பெரியவள் என்று பெயர். வயதில் பெரியவள், வேலையில் அதைவிடப் பெரியவள், அவள் பேச்சுக்கு மட்டும் யாரும் பெரிய இடம் கொடுத்ததில்லை. பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுவாள். மாலையில் வீட்டு வேலை. வாரத்தில் ஒரு நாள் படகு.

படகு மாமனார் வாங்கி வைத்துவிட்டுப் போனது. பெரியவளின் கணவன் ஓட்டுவான், எஞ்சினையும் அவனே பார்த்துக்கொள்வான். ஆள் பிடிப்பதும் போனில் சிரித்துப் பேசுவதும் கொழுந்தன் வேலை. வார இறுதியில் வருகிறவர்கள் கேபினில் ஒரு ராத்திரி தங்கி, ஆற்றைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கேபினைச் சுத்தம் செய்வது பெரியவள் பாடு.

சுத்தம் என்றால் அந்தக் கார்ப்பெட்தான். ஈரக்காலோடு வருவார்கள், காபியைக் கொட்டுவார்கள், எல்லாவற்றையும் அது குடித்துக்கொள்ளும். பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், முழங்காலை ஊன்றினால் உடுத்திய துணி நனையும். அதன் வாடை அவள் தலைமுடியில் ஏறி வீடு வரைக்கும் வரும். இந்தச் சனியனை எடுத்துப் போட்டுவிட்டுத் துடைக்கிற மாதிரி ஒரு தரை போடுங்கள் என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது. கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "பாக்கலாம்" என்பான். மாமியார் "பாக்கலாம்" என்பாள். கொழுந்தன் கொஞ்சம் மரியாதை சேர்த்து "பாக்கலாம் அண்ணி" என்பான். இந்த மூன்று பேரும் சொன்னபடி பார்த்திருந்தால் இந்நேரம் உலகத்தையே பார்த்து முடித்திருக்கலாம்.

பிறகு சின்னவள் வந்தாள். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள், போன் கடையில் வேலை. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வந்த புதிதிலேயே மாமியாரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பெரியவள் அந்த வீட்டுக்குத் தைத்துப் போட்ட திரைச்சீலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்டினால் ஆற்றின் அந்தக் கரையைத் தொடும். அதைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் சொன்னாள், கேபினில் ஒரே நாற்றமாக இருக்கிறது, கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரம் மாதிரியே இருக்கிற வினைல் போட்டால் என்ன? மரப்பலகை, ரேகை, கணு எல்லாம் அச்சாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, வீடியோ பார்த்து நானே போட்டுவிடுவேன். மாமியாரின் முகம் மலர்ந்தது. நம் வீட்டில் யாருக்காவது இது தோன்றியதா பார் என்றாள். கொழுந்தன் அப்போதே கடைக்குப் போன் போட்டான். அதையெல்லாம்கூடப் பெரியவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சின்னவ சொல்றது சரிதான்" என்றான்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர், அவளுக்கே தெரியும், அவள் அதை வேறு பெயரிட்டு அழைக்கவில்லை. வருஷக்கணக்காகத் தான் சொன்ன அதே வார்த்தை இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் எப்படி இனித்தது இவர்களுக்கு? எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு அந்தப் பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

கடையில் அந்த நிறத்தில் ஒரே ஒரு சுருள்தான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை அண்ணனும் தம்பியும் கார்ப்பெட்டைக் கிழியாமல் ஒரே துண்டாகப் பெயர்த்தெடுத்துக் கரையில் காயப்போட்டுவிட்டு, பசை வாங்கப் போய்விட்டார்கள். மறுநாளே ஆட்கள் தங்க வருகிறார்கள். கார்ப்பெட்டை அளவாக வைத்து வினைலை வெட்டுவது சின்னவள் பொறுப்பு. பெரியவளைக் கூடமாட இருக்கச் சொன்னார்கள். அவளும் படகுத்துறைச் சுவரோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சின்னவள் சுருளைச் சிமெண்டுத் தரையில் விரித்தாள். மேல்பக்கம் பேனா பிடிக்கவில்லை, பிடித்தாலும் கறை நிற்கும் என்று வினைலைக் குப்புறப் போட்டாள். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் மேல் கார்ப்பெட்டை நிமிர்த்தியே வைத்து, கற்களை அடுக்கி, ஓரமாகக் கோடு போட ஆரம்பித்தாள்.

பெரியவள் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வினைல் குப்புற இருந்தால் கார்ப்பெட்டும் குப்புற இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி நிமிர்த்திப் போடும்போது இடது வலதாகிவிடும். தையல் கடையில் புதிதாக வருகிற எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு இது, ஒரே சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டி வைப்பார்கள். அவளே செய்திருக்கிறாள், மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறாள். படகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், ஆனால் கேபினில் இடது பக்கம் ஓர் அலமாரி தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்காகக் கார்ப்பெட்டில் ஒரு கட்டம் வெட்டியிருந்தது. சின்னவள் போடுகிற கோட்டில் அந்தக் கட்டம் வலது பக்கம் போய்விடும்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. திருப்பு. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது பார்த்துச் சின்னவள் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு மாமா பாத்தா அசந்துடுவார்ல அக்கா?" என்றாள்.

மாமா என்றால் பெரியவளின் கணவன். தட்டிலிருந்து தலையைத் தூக்கினவன். பெரியவள் அந்த ஒரு வார்த்தையை மென்று விழுங்கினாள். வெட்டட்டும். வீடியோ பார்த்துப் படித்த கை எப்படி வெட்டுகிறதென்று எல்லோரும் பார்க்கட்டும். சின்னவள் கத்தியை வைத்து இழுத்தாள். சரசரவென்று வெட்டு ஓடியது. அந்தச் சத்தம் கேட்கப் பெரியவளுக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

பசையோடு ஆண்கள் வந்தார்கள். மாமியாரும் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தாள். நான்கு பேராகத் தூக்கிக் கேபினுக்குள் விரித்தார்கள். இடது பக்கம் வினைல் அலமாரியில் முட்டிக்கொண்டு எழும்பி நின்றது. வலது பக்கம் கட்டமாக ஒரு ஓட்டை, அதில் பழைய பலகை பல்லை இளித்தது. முதலில் வாயைத் திறந்தவன் கொழுந்தன். எல்லாம் தெரிந்த மாதிரி ஆடினால் இப்படித்தான், நாளைக்கு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, இருந்த ஒரு சுருளும் போச்சே என்று பொரிந்து தள்ளினான். மாமியார் உதட்டைப் பிதுக்கினாள். பெரியவள் எதிர்பார்த்துக் காத்திருந்த காட்சிதான். கண் நிறையப் பார்க்கத்தான் அவளும் உள்ளே வந்திருந்தாள்.

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அக்கா பக்கத்துலயேதான உக்காந்திருந்தாங்க. தப்பா இருந்தா சொல்லிருப்பாங்கன்னு தைரியமா வெட்டிட்டேன். அவங்களுக்கே தெரியலன்னா, யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

பெரியவளைத் தூக்கிவாரிப் போட்டது. குற்றம் சாட்டுகிறாளோ என்று அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. அந்த வீட்டிலேயே தன் கைமேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த ஒரே ஆள் சின்னவள்தான்.

பெரியவள் யாரையும் பார்க்காமல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கத்தியைக் கேட்டாள். அலமாரியில் முட்டிய பகுதியை அலமாரியின் அளவுக்கு வெட்டியெடுத்தாள். இடது பக்கம் ஒழுங்காகப் படிந்தது. வலது பக்கத்து ஓட்டையை அப்படியே விடாமல், பலகைக்கும் பலகைக்கும் நடுவே அச்சடித்திருந்த கறுப்புக் கோடு வரைக்கும் அதைப் பெரிதாக்கினாள். கொழுந்தன் ஐயையோ என்றான். அவள் காதில் வாங்கவில்லை. சுருளின் மிச்சத்துண்டில் ரேகை ஓடுகிற திசையைப் பார்த்து அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். கட்டம் போட்ட துணிக்குக் கட்டம் சேர்த்து ஒட்டுப்போடுகிற மாதிரிதான். இந்த முறை வினைல் நிமிர்ந்தே இருந்தது, அவள் அதை இரண்டு தடவை சரிபார்த்தாள். துண்டை வைத்து அழுத்தினாள். மூட்டு கறுப்புக் கோட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கணவன் குனிந்து விரலால் தடவினான், எங்கே ஒட்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. சின்னவள் ஓடி வந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆற்றங்கரையில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, அக்காதான் காப்பாற்றினாள், அக்கா இல்லாவிட்டால் நான் தொலைந்தேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதில் ஒரு சொட்டுக்கூட நடிப்பு இல்லை. பெரியவள் தோளில் அவள் கண்ணீர் பட்டது. இப்படி ஒரு வெள்ளை மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அதன் மேலும் பெரியவளுக்குப் பொறாமை வந்தது, இதுவரை பட்டதிலேயே பெரிய பொறாமை.

புதுத்தரையில் மாமியார் வெறுங்காலோடு நாலடி நடந்து பார்த்தாள். பிறகு பிள்ளைகள் இருவரையும் பார்த்து, பெரியவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காதால் கேட்கத் தவம் கிடந்த அந்தப் பேச்சைப் பேசினாள்.

"இனிமே படகுல எது பண்றதா இருந்தாலும் பெரியவள ஒரு வார்த்த கேட்டுட்டுப் பண்ணுங்க."

கணவன் தலையை ஆட்டினான். கொழுந்தன் சரி அண்ணி என்றான். இதைத்தானே நானும் சொல்கிறேன் என்றாள் சின்னவள், கையை விடாமல்.

எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கத்தியை மடக்கினாள். தரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒட்டு அவளுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பாக்கலாம்" என்றாள்.